கச்சானில் உரியாத சட்டை

கச்சான் தொடங்கி ஒன்பதாம் நாள்.
உப்புவெளியில் பிழிந்த கை காயுமுன்னே
கொடியில் துணி காய்கிறது.
பெட்டிக்குள் சுருளி
சட்டையைப் பாதியில் விட்டுவிட்டாள்.

காலுறை போல ஒரே நீளமாய்க் கழன்றிருக்க வேண்டியது
துண்டு துண்டாய்,
பழைய போனில் அரைகுறையாய் உரித்த ஸ்டிக்கர் மாதிரி.

எனக்கு என்.சி. வீதியில் போன் திருத்தும் கடை.
கடை லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
தண்ணீர்ச் சட்டியின் அடியில் மிளகுத்தூள்;
ஒரு தூள் நடந்தது.
உண்ணி.
வயிற்றில் இரண்டு செதில் பழுத்து, ஓரம் ஈரம்.
வலது கண்ணில் மட்டும் பால் கலங்கல்:
பழைய சட்டையின் கண்ணாடி
அங்கேயே ஒட்டிக் கிடக்கிறது.

கை துருதுருத்தது.
ஒரு திரை கழற்ற எனக்கு நாற்பது செக்கன்.

“இழுத்தா கண்ணும் சேர்ந்து வரும்.
சாமணத்தைக் கீழ வையும்,” என்றார்
மிருக டொக்டர் மெரிற்றா.
“இளஞ்சூட்டுத் தண்ணியில அரை மணித்தியாலம்.
பெட்டிக்குள்ள ஈரப் பாசி. தாளை நாளாந்தம் மாத்தும்.
புண்ணுக்கு அயடின், வெறுந்தேத்தண்ணி நிறத்துக்குக் கலந்து.
கண் தெளியாட்டி என்னட்டக் கொண்டு வாரும்.”

கன்னியாவின் ஏழு கிணற்றுச் சூடும் அறிந்த கை
ஒரு பேசின் தண்ணீரில் தடுமாறியது.

நான்காம் இரவு,
ஈரத் துவாய்க்குள் புகுந்து அவள் வெளியே வந்தபோது
நூலிழையில் தொங்கியது
மீன் செதிலை விடச் சிறிய ஒரு வட்டம்.
லென்ஸில் வைத்துப் பார்த்தேன்.
கீறல் இல்லை.

இமையில்லாதவள்
என்னைப் பார்த்தாளோ, சுவரைப் பார்த்தாளோ.
வால் நுனியில் இன்னும் ஒரு வளையம் இறுக்குகிறது.
உண்ணி இரண்டு, இன்றைக்கும்.
வெளியே கச்சான்.
கேத்திலை அடுப்பில் வைக்கிறேன்.