மாதிரி எண் ஆறு

ஐந்து பாட்டில், ஐந்து சீட்டு.
கேன்டீன். நூலகம். விடுதி.
மைதானத்து போர்.
ஆசிரியர் அறை ஃபில்டர்.
ஆறாவது என் பையில் இருக்கிறது, சீட்டு ஒட்டாமல்.
பாலக்கோட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் தெருக்குழாயில்
காலை ஐந்தரைக்குப் பிடித்தது.

சொட்டு விட்டதும்
நல்ல தண்ணீர் ரோஜா நிறத்தில் நிற்கும்.
ஃப்ளோரைடு ஏற ஏற
ரோஜா வெளுத்து மஞ்சளாகும்.

மைதானத்துக் குழாயில்தான் எப்போதும் கூட்டம்.
கபடி முடித்தவர்கள் வாய் வைத்தே குடிப்பார்கள்.
"இதான் பாப்பா இனிக்கும்" என்றார்
வாட்ச்மேன் தீர்த்தகிரி,
குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு.
இரண்டு புள்ளி நான்கு.

ஹேமப்பிரியா நிற அட்டையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பிறகு அவசரமாக ஜன்னலைப் பார்த்தாள்.
தெரியும்.
என் ஐடி கார்டில் உதடு மூடித்தான் இருக்கிறது.
எட்டாவதில் ஒரு சார்
செங்கல் பொடியில் தேய்க்கச் சொன்னார்.
தேய்த்தேன்.

படிவத்தில் ஐந்து கட்டம்தான்.
வீட்டுத் தண்ணீரெல்லாம் புராஜெக்ட்டில் வராது என்றார் மேடம்.
சரி மேடம் என்றேன்.
அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்
குப்பியில் மிச்சமிருந்த சொட்டுகளை
ஆறாவதில் விட்டேன்.
ரோஜா வந்த மாதிரி இருந்தது.
நிற்கவில்லை.

கவினேஷுக்கு ஆறு வயது.
போன வாரம் முன்பல் விழுந்தது.
கூரைமேல் எறிந்துவிட்டு
நாக்கால் அந்த ஓட்டையைத் துழாவிக்கொண்டே திரிகிறான்.
முன்பல்லுக்குக் காலம் கடந்துவிட்டது, படித்துப் பார்த்தேன்.
கடைவாய்ப் பற்களுக்கு
இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம்.
இரண்டு வருடம்
என் எம்.எஸ்ஸி.யும் அவ்வளவுதான்.

நாலரைக்கு
ஆசிரியர் அறை ஃபில்டர் முன் நின்றேன்,
கையில் இரண்டு லிட்டர் காலி பாட்டில்.
உள்ளே கிளார்க் சென்றாயன்.
பாட்டிலைப் பார்த்தார்.
பேரேட்டைப் புரட்டினார்,
ஒரே பக்கத்தை இரண்டு முறை.
நூல் போல ஊற்றும் அந்த ஃபில்டர்.
அவர் தலை நிமிரவேயில்லை.

டவுன் பஸ்ஸில் மடியில் வைத்திருக்கிறேன்.
இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்கிறார் கண்டக்டர்:
"லேப் படிக்கிற பொண்ணா? ஆசிட் கீசிட் இல்லியே?"
"தண்ணிங்கண்ணா."
"தருமபுரியிலருந்து தண்ணிய தூக்கிட்டுப் போறியா?"
பஸ்ஸே சிரிக்கிறது.
நானும் சிரித்துவிட்டேன்,
கை வாய்க்குப் போகவில்லை,
இரண்டு கையும் பாட்டிலைப் பிடித்திருந்தன.