எந்தப் படியில் ஏறி வந்தது

பட்டியல் போட்டது நான்தான்.
காலையில் அரண்மனை, மதியம் புளிசாதம்,
பிறகு வல்லம் சாலையில் புதிதாய் வந்திருக்கும்
தண்ணீர்ப் பூங்கா.

திருத்துறைப்பூண்டியில் ஐந்தே முக்கால் பேருந்துக்கு
ஜெரோமைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு ஏறினோம்.
அவனுடைய ஒரு கால் செருப்பு
இல்லையென்று தெரிந்தது
மன்னார்குடி தாண்டித்தான்.

ஆகவே தஞ்சாவூரில் நாங்கள் முதலில் பார்த்தது
செருப்புக் கடை.
குதிகாலில் விளக்கு எரிகிற ஜோடிதான் வேண்டுமாம்.
நடந்தால் சிவப்பு.
குதித்தால் நீலம்.

செப்புத் திருமேனிகள் இருந்த கூடத்தில்
அவன் குதித்துக்கொண்டே இருந்தான்.
இத்தனை நூற்றாண்டாய் ஒற்றைக் காலில் நிற்பவர்
கணுக்கால் வரை நீலமாகி
மறுபடி பச்சைக்குத் திரும்பினார்.
நாற்காலியிலிருந்து எழாமலே காவலர்
"தம்பி" என்றார்.
எல்லா விதிகளும் அந்த ஒரு சொல்லில் இருந்தன.

கை உடைந்த அம்மன் ஒருத்தியின் முன்னால் நின்று
பெனிட்டா அவசரமாய்ச் சொன்னாள்:
"நான் தொடவே இல்லப்பா."

முழங்கால் வலி என்று ரெஜினா கீழேயே இருந்துகொள்ள
நாங்கள் மூவரும் கோபுரத்தில் ஏறினோம்.
படிகளை எண்ணிக்கொண்டு வந்தவள்
முப்பதில் தவறவிட்டு
அந்தப் படியையே ஒன்று என்றாள்.

மேலே, வெயில் கோடு போட்ட தரையில்
திமிங்கிலத்தின் எலும்பு.

"யோனாவ முழுங்குனது இதாப்பா?"
மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்களாம்,
மூன்று நாள் உள்ளே இருந்தார் என்று.
விலா எலும்புகளுக்கு நடுவே எட்டிப் பார்த்து
"உக்கார எடம் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

ஜெரோமின் கவலை வேறு.
"இது எந்தப் படில ஏறி வந்துச்சு?"

பலகையில் இருந்ததைச் சத்தமாய்ப் படித்தேன்.
கரை ஒதுங்கியது பற்றி இருந்தது.
படி பற்றி ஒன்றும் இல்லை.
"லிஃப்ட்ல" என்று சொல்லிவைத்தேன்.
அரண்மனையை விட்டு வெளியேறும் வரை
லிஃப்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

பூங்கா வாசலில் உயரம் அளக்கும் ஒட்டகச்சிவிங்கி.
கோட்டுக்குக் கீழே என்றால் அரை டிக்கெட்.
"கொஞ்சம் குனிஞ்சுக்கோ" என்றாள் ரெஜினா, உதடு அசையாமல்.
பெனிட்டா குதிகாலையும் தூக்கி நிமிர்ந்து நின்றாள்.
அந்தப் பெருமையின் விலை முந்நூறு ரூபாய்.

மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம்
மோட்டார் அலை அடிக்கும் குளம்.
எல்லாரும் கத்திக்கொண்டு அலைக்கு ஓடுகையில்
இவன் மட்டும் கணுக்கால் தண்ணீரில்
மல்லாந்து கிடந்தான்.
"எந்திரிடா, மிதிச்சிருவாங்க."
கண்ணைத் திறக்கவில்லை.
"நான் ஒதுங்கியிருக்கேன்."

பெனிட்டா வந்து அவன் வயிற்றில் தலைவைத்து
முழுங்கப்பட்டுவிட்டாள்.
சிரித்த சிரிப்பில் ரெஜினா
காலையிலிருந்து தோளில் கிடந்த பையை
ஈரத் தரை என்றும் பார்க்காமல் இறக்கி வைத்தாள்.
துண்டுகள் எல்லாம் நனைந்தன.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
சொல்லத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு ஒருவர் விசில் ஊதினார்.
இன்னொருவர் சுவரோரப் பெட்டியைத் திறந்து
எதையோ கீழே இழுத்தார்.
அலை நின்றது.
அதை ஜெரோம் வாய்பிளந்து பார்த்தான்.

திரும்பும்போது பாமணி ஆற்றுப் பாலம்.
கீழே மணல், கோரை,
டயர் உருட்டும் இரண்டு பையன்கள்.
"ஆத்துத் தண்ணிய யாருப்பா ஆஃப் பண்ணா?"

முன் இருக்கையில்
உரமூட்டையைக் கால்களுக்கு நடுவில் வைத்திருந்தவர்
திரும்பி அவனைப் பார்த்தார்.
பதில் சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.
டிக்கெட்டைக் காதில் செருகிக்கொண்டு
மறுபடி முன்னால் திரும்பிவிட்டார்.

அதற்குள் அவன் தூங்கிப்போனான்.
பள்ளம் வரும்போதெல்லாம்
குதிகால் கம்பியில் இடித்து
சிவப்பு எரிந்து எரிந்து அணைந்தது,
ஒரு காலில் மட்டும்.