மூழ்குதொட்டி

தரமணி. டிசம்பர்.
மூன்றாம் நாளாகக் கரண்ட் இல்லை.
ஆய்வகத்தின் பின்கட்டில் இரண்டு சிமெண்ட் தொட்டி,
இரண்டிலும் நாற்று, தலைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர்.
அது நாங்கள் அளந்து ஊற்றியது.
கேட்டுக்கு வெளியே நிற்பது யாரும் அளக்காதது.

டார்ச்சைப் பல்லில் கவ்வி
ஸ்கேலை நீருக்குள் இறக்குகிறேன்.
ஒன்பதாம் நாள்.

எத்திலீன், காற்றில் என்றால்
இலையை விட்டு ஊதிப் பறந்துவிடும் சங்கதி.
நீருக்குள் போக வழியில்லை,
பயிருக்குள்ளேயே புழுங்கும்.
அந்தப் புழுக்கமே தகவல்:
மூழ்கிவிட்டோம்.

இடது தொட்டியில் தகவல் போனதும்
அப்சிசிக் அமிலம் இறங்குகிறது,
பிடித்திருந்த சட்டைக் காலரை
யாரோ விட்டதுபோல.
ஜிப்பரெல்லின் ஏறுகிறது.
தண்டு எம்புகிறது,
சேர்த்துவைத்த மாவையெல்லாம் கரைத்து
நாளுக்கு இரண்டு விரற்கடை.
நுனி காற்றைத் தொட்டால் பிழைப்பு.
தொடாவிட்டால்
வெள்ளம் வடிந்த அன்றே படுத்துவிடும்,
நிற்கக் கையில் காசில்லாமல்.

வலது தொட்டியிலும்
முதலில் ஊறுவது அதே எத்திலீன்தான்.
ஆனால் ஒரு மரபணு குறுக்கே நின்று
ஜிப்பரெல்லின் பேச்சைக் காதில் வாங்கவிடாது.
வளராதே. செலவழிக்காதே. கிட.

ஃபர்ஹானா குறிப்பேட்டில்
‘பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள்.
டாக்டர் அதை அடித்து
‘வளர்ச்சி ஒடுக்கம்’ என்று திருத்தினார்.
எனக்கு முதலாவதுதான் நினைவில் நிற்கிறது.

வேளச்சேரியிலிருந்து தம்பி, விட்டுவிட்டுக் கேட்கும் குரலில்:
“கீழ்வீட்டு தணிகாசலம் சார் மாடிக்கு வந்துட்டாரு.
அவங்க வீட்டம்மா வரமாட்டேங்குறாங்க,
பீரோ மேல உக்காந்துக்கிட்டு,
வடிஞ்சிடும் வடிஞ்சிடும்னு.
நீதான் இதெல்லாம் படிச்சிருக்கியே,
எது சரி?”

எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பொறுத்தது
என்றேன்.
“அது யாருக்குத் தெரியும்?”
லைன் போய்விட்டது.

பயிருக்கும் அதை யாரும் சொல்வதில்லை.
போன மழையின் பழக்கத்தை வைத்து
விதைக்குள் ஒரு பந்தயம்
கட்டியாகிவிட்டது.

விடியுமுன் பள்ளிக்கரணை வாடையோடு
தெருத் தண்ணீர் தொட்டி விளிம்பைத் தாண்டியது.
இடது, வலது என்பதெல்லாம் போயிற்று.
லேபிள்கள் மிதந்தன.
வாட்ச்மேன் எத்திராஜ் முழங்காலுக்கு மேல் லுங்கியை மடித்து நின்று
“இதுல எதும்மா உன்னோட நெல்லு?” என்றார்.

காட்டினேன்.
ஒரே ஒரு நுனி, வெளியே, வெளிறிய பச்சை.
அதில் தட்டி நின்றது
யாருடையதோ ஒற்றை ரப்பர் செருப்பு.
மற்றது தெரியவில்லை.
தெரியாமல் இருப்பதுதான் அதன் வேலை.