கோடை நோட்டு

ஏப்ரல் பக்கத்தில் எழுதியிருந்தேன்:
மலப்புறம் போக வேன் வாடகை,
பதினெட்டு ஜெர்சி, இரண்டு பந்து,
கோல் வலைக்கு நைலான் கயிறு.
டீமில் கணக்கும் நான்தான், லெஃப்ட் பேக்கும் நான்தான்.

கடைசி மேட்ச், எழுபதாவது நிமிஷம்.
யாரும் இடிக்கவில்லை.
சீலன் திரும்பினான்,
முட்டி திரும்பவில்லை.

ஜவ்வு அறுந்திருக்கு, ஒன்பது மாசம் ஆகும்
என்றார்கள் ஸ்டான்லியில்.
பிள்ளைப்பேறு கணக்காச்சே என்று
அவன் மட்டும் சிரித்தான்.

வேன் மேல் கோடு கிழித்தேன்.
ஜெர்சி மேல்.
ஒரு பந்தை விட்டுவைத்தேன்.
மிச்சத்தைக் கூட்டி
ஆபரேஷன் என்று எழுதினேன். போதவில்லை.

நடுவில் ஆட
பெரம்பூர்ப் பையனைக் கேட்கலாம் என்றார் வின்ஃபிரட் அண்ணன்,
சீலனுக்குக் கேட்காத தூரம் பார்த்து.
வியாசர்பாடியில், எங்கள் தெருவில்,
அப்படி ஒரு தூரம் கிடையாது.

காலை ஐந்தரை. முல்லை நகர் மைதானம்.
கன்டெய்னர் லாரிப் புழுதி இன்னும் அடங்கவில்லை.
கோல் கம்பத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலி,
நீட்டிய காலோடு சீலன்.
ஒன்றும் பேசவில்லை.
புதுப் பையனிடம் பந்து போகும்போதெல்லாம்
அவனுடைய நல்ல காலின் பெருவிரல்
மண்ணில் ஒரு கோடு இழுத்தது,
எங்கே தட்டிவிட வேண்டுமோ
அங்கே.