உதை வாங்குவதற்கு

தொள்ளாயிரத்து நாற்பது ஸ்வோட்டி.
பிஸ்கட் டப்பாவில் பாதி சில்லறை.
க்தினியா துறைமுகத்துப் பின்தெருவில்
டயர்க் கிடங்குக்கு மேல்மாடியில்
உதைக்கப் பழகும் பதினேழு பேரின் காசு.
கணக்கு என்னுடையது.
கவசம் பிடிக்கிற வேலையும் என்னுடையது.

ஆகவே,
உதை வாங்குவதற்கு ஒன்று வாங்கப்
பிப்ரவரிச் சனிக்கிழமை
இரண்டு பஸ் மாறிப் போனேன்.

பழையது எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுகிறேன்.
வெளியே ஒரு கீறல் இல்லை.
உள்ளே நுரைப்பஞ்சு
எப்போதோ மாவாகியிருந்தது,
யாருக்கும் சொல்லாமல்.
ராதோமிரின் பக்க உதை
அதற்குள் புகுந்து
என் விலாவில் வந்து நின்றது.
அவன் மன்னிப்புக் கேட்டான்.
நான் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ஆறு வாரம் தும்மப் பயம்.
கிரேன் கேபினுக்கு ஏணி ஏறுகையில்
ஒவ்வொரு படியும்
அந்த எலும்பை நலம் விசாரித்தது.

கடைச் சுவர் நிறையப் புலிகள்.
புலி, டிராகன், மண்டையோடு, மறுபடியும் புலி.
முகம் பார்த்து முடிக்க இதென்ன சம்பந்தமா?
ஒவ்வொன்றையும் திருப்பினேன்.

முதுகில்தான் இருக்கிறது விஷயம்.
கைப்பிடி இரண்டு ஆணியை நம்பித் தொங்குகிறதா,
உள்ளே பட்டை கொடுத்துக்
கட்டம் போட்டுக் குறுக்கே தைத்திருக்கிறதா.
ஜிப் பல்லை இளிக்கிறதா,
மடிப்புக்குள் வாயை மூடிக்கொண்டிருக்கிறதா
(கால்விரலைக் கிழிப்பது அந்தப் பல்தான்).
மூலையை மடக்கிப் பார்த்தேன்.
எங்கள் மாடியில் ஹீட்டர் பேருக்குத்தான்,
குளிரில் மலிவுத் தோல்
அப்பளமாய் நொறுங்கும்.

கட்டைவிரலால் அழுத்தி எண்ணினேன்.
ஒன்றில் குழி விழுந்தது விழுந்தபடி,
பேச்சை முறித்துக்கொண்ட சொந்தம்போல.
ஒன்றில் விரலே இறங்கவில்லை:
என் விலா தப்பும், யாக்னாவின் கணுக்கால் போகும்.
மீன் பதனிடும் ஆலையில்
பத்து மணிநேரம் நிற்கிற கால் அது.
கல்லை உதைக்கவா மாடி ஏறி வருகிறது?

கடைக்காரர் ஜெமோவிட்
மூன்று வருட உத்தரவாதம் என்றார்.
இந்தப் புலிதான் அதிகம் போகிறது என்றார்.
"சரி, பிடியுங்கள்,
நான் உதைத்துப் பார்க்கிறேன்."

சிரித்தார்.
நான் பூட்ஸைக் கழற்றுவதைப் பார்த்துச்
சிரிப்பை மடித்து வைத்தார்.
அவர் கை
புலியைத் தாண்டியது,
டிராகனைத் தாண்டியது,
அலமாரியின் அடித்தட்டிலிருந்து
படமே இல்லாத சாம்பல் நிறம் ஒன்றை இழுத்து
வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

"அதுதான்" என்றேன்.
"இன்னும் உதைக்கவே இல்லையே!"
"வேண்டாம். எவ்வளவு?"

நாலு வாங்கப் போனவள்
இரண்டோடு திரும்பினேன்.
கைக்கு மாட்டும் பேட்கள் அடுத்த மாதம்,
கேக் விற்றால்.
பஸ்ஸில் பக்கத்து இருக்கையை நிறைத்துக்கொண்டு
இரண்டும் உட்கார்ந்திருந்தன.
பரிசோதகர் அவற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்,
டிக்கெட்டைக் கேட்காமலே போய்விட்டார்.

திங்கள் இரவு.
யாக்னா என் விலாவையே பார்க்கிறாள்.
அவள் கால் பாதி வழியில் மனம் மாறுகிறது.
பூனையை ஒதுக்குவதுபோல் ஓர் உதை.
இன்னொன்று, அதைவிட மரியாதையாக.
"நான் பிடித்திருப்பதை உதை, என்னை இல்லை."
சொல்ல எளிது.
எனக்கே தோள் கல்லாகியிருந்தது.
சாம்பல் நிறத்துக்குப் பின்னால்
நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது
அவளுக்குத் தெரியாது.

பிறகு,
தொம்.

இரண்டடி பின்னால் போனேன்.
கீழே கிடங்கில் எதுவோ உருண்டது.
விலாவைத் தேடினேன்.
இருந்தது,
நடந்தது எதுவும் தெரியாததுபோல்.
யாக்னா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.
"இன்னும்" என்றேன்.

பழைய கவசம் இப்போது
வாசல் கதவடியில் கிடக்கிறது,
பால்டிக் காற்றைத் தடுக்க.
அதையும்
முழுசாகத் தடுப்பதில்லை.