முப்பத்தேழாம் தூண்

"ஒரு தூணை வரைஞ்சா போதும்மா,
மீதி முப்பத்தொம்பதும் காப்பி பேஸ்ட்"
என்றுதான் அனுப்பிவைத்தார் உதவிப் பொறியாளர்.

இரும்பாலை தாண்டி
விசைத்தறிச் சந்துகளுக்குப் பின்னால்
மேற்குப் பார்த்த கோயில்.
அடுத்த சுவரில் ஓடும் தறியின் தடக் தடக்
மண்டபத்துக்குள் நுழைந்ததும்
இரண்டு மடங்காகிறது.

டேப்பின் ஒரு முனை மாதேசுவிடம்
மறுமுனை என்னிடம்.
உபானம், ஜகதி, குமுதம்,
(குமுதத்தில் யாரோ எண்ணெய்க் கையைத் துடைத்திருந்தார்கள்)
கண்டம், பட்டிகை.
பரீட்சைக்குப் படித்த சொற்கள்.
கீழிருந்து மேலாக எழுதாவிட்டால்
அரை மதிப்பெண் போய்விடும்.

அப்புறம் தூண்:
சதுரம், அதன் மூலையில் படமெடுத்த நாகபந்தம்,
எட்டுப்பட்டை, மறுபடி சதுரம்,
பதினாறு பட்டை, பலகை,
கழுத்து வலிக்க அண்ணாந்தால் போதிகை.
சோழர் போதிகை மடக்கிய முழங்கை.
உத்தரத்தைத் தாங்கும், வேறொன்றும் சொல்லாது.
இது நாயக்கர் காலத்துக் கை.
தாங்கிக்கொண்டே நுனியில்
வாழைப்பூ மாதிரி ஒரு மொட்டைக் கவிழ்த்துக் காட்டும்.
அவ்வளவு பாரத்துக்கு நடுவில்
இந்த ஒய்யாரம் எதற்கென்று
எந்தக் கேள்வித்தாளிலும் கேட்டதில்லை.

பதினோராம் தூணில் யாளி.
வாய்க்குள் உருளும் கல் உருண்டையை
மாதேசு விரல்விட்டுச் சுற்றினான்.
"வெளிய வராதா மேடம்?"
"வராது."
"அப்ப உள்ள எப்படிப் போச்சு?"
"போகல. உள்ளயேதான் இருந்துச்சு.
சுத்தி இருந்ததை எடுத்தாங்க."
அவன் நம்பவில்லை.
பல்லிடுக்கில் மொபைல் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.

முப்பத்தேழில் மொட்டு இல்லை.

உடைந்ததல்ல. உடைந்திருந்தால் காயம் தெரியும்.
மூன்று பக்கமும் பூத்த போதிகையில்
வடக்கு மட்டும் வெறும் கட்டை.
ஏணியில் ஏறிப் பார்த்தேன்:
உளி கொத்திய புள்ளிகள், வரிசையாக,
நாற்று நட்டதுபோல் வந்து
ஓரிடத்தில் நின்றுவிட்டன.
வௌவால் புழுக்கைக்கு அடியில்
நூல் பிடித்த காவிக்கோடு,
பூ வரவேண்டிய எல்லை.

கூலி தகராறாக இருக்கலாம்.
காய்ச்சலாக இருக்கலாம்.
படை வந்திருக்கலாம். படை என்றால்
எல்லாக் கட்டுரையிலும் ஒத்துக்கொள்வார்கள்.

மணி மூன்றுக்கு கரண்ட் போனது.
தறிகள் ஒவ்வொன்றாக மூச்சடக்கின.
இப்படி ஓர் அமைதி
இந்தத் தெருவுக்கு உண்டென்றே தெரியாது.
வண்டிச்சாவியால் போதிகையைத் தட்டினேன்.
தெற்கு: கணீர்.
கிழக்கு: கணீர்.
மேற்கும் அப்படியே.
வடக்கு: சாக்கில் தட்டியதுபோல்
ஒரு மொத்தைச் சத்தம்.
கண்ணுக்குத் தெரியாத கீறல்
உள்ளே எங்கோ ஓடுகிறது.
இன்னும் நாலு கொத்து விழுந்திருந்தால்
பூ வந்திருக்கும்.
உத்தரமும் கூடவே வந்திருக்கும்.

யாரோ ஒருவன் காதை வைத்துக் கேட்டு
உளியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு
இறங்கியிருக்கிறான்.
மேஸ்திரியிடம் என்ன சொன்னானோ.

கீழே ஏணியைப் பிடித்திருந்த மாதேசு,
"அப்ப இதுலயும் பூ உள்ளதான் இருக்கா மேடம்?"
நான் அளவைச் சொன்னேன்.
அவன் எழுதிக்கொண்டான்.

முப்பத்தேழைத் தனியாக வரைந்தேன்,
புள்ளி புள்ளியாக, காவிக்கோடு உட்பட.
குறிப்பு: உள்ளபடி.

ராத்திரி போன்.
"முப்பத்தேழு இன்னும் முடியலையேம்மா?"
"ஆமா சார், முடியல."
"எப்ப முடிப்பீங்க?"

சிக்னல் சரியில்லை என்றேன்.