பதினேழாம் கேள்வி

சனி இரவு பதினொன்றேகால்.
சூரமங்கலம், மூன்றாம் மாடி.
ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் இஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தது.
ஐம்பது கேள்விகளுக்கு
நூற்றைம்பது பொய்கள் வேண்டியிருந்தன எனக்கு.

சரியான விடையை எழுத ஒரு நொடி.
பக்கத்தில் நிற்கப்போகும் மூன்று தவறுகளுக்குத்தான்
முகம் கழுவி, தலை வாரி,
உண்மையின் அண்ணன் தம்பி மாதிரி
உடுத்திவிட வேண்டும்.
ஒரு விடை கொஞ்சம் நீண்டுவிட்டால்
கடைசி பெஞ்ச் மோப்பம் பிடித்துவிடும்.

பதினேழுக்கு வரும்போது மணி ஒன்று.
சேலம் மாவட்டத்தில் கிடைக்கும் கனிமம் எது?
மாக்னசைட். பாக்சைட். இரும்புத்தாது.
எழுதிய மூன்றும் உண்மையாகவே போய்விட்டன.
தூக்கக் கலக்கத்தில்
சோம்பேறிகளின் பழைய துணையைக் கூப்பிட்டேன்:
மேற்கண்ட அனைத்தும்.

நாலு மணிக்கு அமைப்புகள்.
நேரம்? அறுபது நிமிடம்.
வாய்ப்பு? ஒரு முறை.
கேள்விகளைக் கலைக்கவா?
வேண்டாம், எனக்கே குழம்பும்.
விடைகளைக் கலைக்கவா?
சாயங்காலம் வாங்கி நமுத்துப்போன
தட்டுவடை செட்டைக் கடித்துக்கொண்டே
ஆம்.

ஞாயிறு காலை பத்து.
ஐம்பத்தெட்டுப் பெயர்கள், பெயருக்கு ஒரு சின்ன வட்டம்.
பச்சை என்றால் எழுதுகிறார்கள்.
சாம்பல் என்றால் கரண்ட்டோ, தூக்கமோ,
தீர்ந்துபோன டேட்டாவோ, தெரியாது.
ல. கோகிலவாணியின் வட்டம்
பச்சை சாம்பல் பச்சை சாம்பல்.
ஏற்காட்டுக்கும் அந்தப் பக்கம், வாழவந்தி.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
காப்பி காயவைக்கும் களத்தின்
ஒரே ஒரு மூலையில்தான் இரண்டு கோடு ஏறுமாம்.

பத்து இருபத்திரண்டுக்குச் செய்தி வந்தது:
"மேடம், பதினேழுல
மேற்கண்ட அனைத்தும்னு முதல் விடையா வந்திருக்கு.
அதுக்கு மேலே கேள்வி மட்டும்தான் இருக்கு.
கேள்வியையும் சேத்துக்கணுமா?"

சிரித்துவிட்டேன்.
அப்புறம் சிரிக்க முடியவில்லை.
எத்தனை பேர் திரையில் அது
உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ,
எத்தனை பேர் கேட்காமலே கடந்துபோனார்களோ.

பதிவேட்டைத் திறந்தேன்.
அது எதையும் மறப்பதில்லை, எதற்கும் வருந்துவதுமில்லை.
முதல் விடையைத் தொட்டிருக்கிறாள். எடுத்திருக்கிறாள்.
பாக்சைட்டைத் தொட்டிருக்கிறாள்
(செருப்பில் ஒட்டும் மண் அதுதானே).
எடுத்திருக்கிறாள்.
மறுபடி முதல் விடை. மறுபடி வெறுமை.
மூன்று நிமிடம் பத்து நொடி
அவள் நான் எழுதியதைப் படித்திருக்கிறாள்.
மற்றவர்கள்
நான் நினைத்ததைப் படித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் முடிவெடுத்தேன்,
எல்லோருக்கும் ஒரு மதிப்பெண்.
மறுமதிப்பீட்டுப் பொத்தானை அழுத்த
ஐம்பத்தெட்டு எண்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.
கோகிலவாணி, நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு.
அது அவளுக்கு ஒன்றுமே இல்லை.

பட்டியலின் அடியில்
செவ்வாய்ப்பேட்டை ப. தீனதயாளன்.
கொலுசுப் பட்டறை, மெருகு போடும் மோட்டார் இரைச்சல்,
மடியில் போன்.
பதினாறு முடித்ததும் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.
திரும்பி வந்தவன் பதினெட்டில் தொடங்கியிருக்கிறான்.
பதினேழைத் திறக்கவே இல்லை.
பத்தொன்பது, இருபது ஆனது.
தேர்ச்சி.

மலைமேல் ஒருத்திக்கு வந்த சந்தேகம்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து
முன்பின் பேசியிராத ஒருவனின் பெயரைப்
பச்சையாக்கிவிட்டுப் போனது.
இருவருக்கும் தெரியாது.
சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது,
நானும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டுக்காகப்
பதினேழை மறுபடி திறந்தேன்.
'மேற்கண்ட' என்பதை அழித்து
'இவை' என்று தட்டினேன்.
இனி மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் நிற்கும்.
சேமிக்கவா என்று கேட்டது. சேமித்தேன்.

கணக்குப்படி
மூன்று பொய்கள் இன்னும் பாக்கி.